பழியைப் பாட்டில் மேல் போடாதீர்கள்



கொல்லிமலையில் நம் திருப்புலி நாட்டில் மிளகு பறித்து, காயவைத்து, மூட்டையைச் சந்தையில் இறக்கினால் கையில் நாலு காசு புரளும். அன்று சாயங்காலம் சில வீடுகளில் உலை வைப்பதில்லை. தள்ளாடிவரும் செருப்புச் சத்தம் கேட்டதுமே தாய் பிள்ளைகளைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிடுகிறாள். மறுநாள் வீங்கிய கன்னத்தை முந்தானையால் மறைத்துக்கொண்டு, "அவரு நல்லவருதான் சாமி, தண்ணி போட்டாத்தான் இப்படி" என்று அவளே பரிந்து பேசுகிறாள்.

குடியின் கொடுமை நமக்குப் புதிதல்ல. 1937-இல் இராஜாஜி மதுவிலக்கை முதலில் கொண்டுவந்தது நம் மலையும் சேர்ந்திருந்த அன்றைய சேலம் மாவட்டத்தில்தான். அடிக்கடி போதையேறும் கணவரோடு வாழும் பெண்களில் நூற்றுக்கு 70 பேர் வன்முறைக்கு ஆளானதாக, நாடு முழுவதும் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. கணவர் குடிக்காத வீடுகளிலும் நூற்றுக்கு 23 பேர் அப்படித் துன்பப்பட்டிருக்கிறார்கள். ஆக, அடிக்குக் குடி மட்டும் காரணம் அல்ல.

சகோதரர்களே, எவ்வளவு போதையிலும் நீங்கள் பஸ் கண்டக்டரை அடிப்பதில்லை. கடன் கொடுத்த வியாபாரி மேல் கை வைப்பதில்லை. தாலி கட்டியவளிடம் மட்டும் அந்தக் கை ஏன் நீளுகிறது? மனைவியை மதிக்காதவரின் மன்றாட்டு தடைபடும் என்று திருத்தூதர் பேதுரு எச்சரிக்கிறாரே, அது யாருக்கு?

சகோதரிகளே, அடி வாங்குவது ஆண்டவர் உங்களுக்குத் தந்த சிலுவை அல்ல. உங்களையும் பிள்ளைகளையும் வன்முறையிலிருந்து காக்கப் பிரிந்திருப்பது சில வேளை அறநெறிப்படி தேவையாகிறது என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2016-இல் எழுதினார். குடும்ப வன்முறைக்கு எதிரான 2005-ஆம் ஆண்டுச் சட்டம் அந்த வீட்டிலேயே பாதுகாப்பாக வாழும் உரிமையை உங்களுக்குத் தருகிறது. பெண்கள் உதவி எண்ணான 181-க்குப் பேசுங்கள். நடுராத்திரியானாலும் பங்குக் கோவில் கதவைத் தட்டுங்கள். "பொறுத்துப்போம்மா" என்று சொல்லி உங்களைத் திருப்பி அனுப்பமாட்டோம்.

அடித்த கைக்கும் ஆண்டவரிடம் இரக்கம் உண்டு. ஊதாரி மகன் தொலைவில் வரும்போதே தந்தை ஓடிப்போய்க் கட்டிக்கொண்டார். ஆனால் மகன் முதலில் எழுந்து நடந்தான். நீங்களும் எழுந்து வாருங்கள். ஒப்புரவு அருள்சாதனத்தில் "குடித்தேன்" என்பதோடு நிறுத்தாமல், "அடித்தேன்" என்றும் சொல்லுங்கள். பல வருடக் குடியைத் திடீரென்று நிறுத்தினால் கைநடுக்கம், வலிப்புகூட வரலாம். அதற்கு மருத்துவம் இருக்கிறது. அரசு மருத்துவமனைக்கு நானே உங்களோடு வருகிறேன். மனைவி உடனே நம்பவில்லை என்றால் கோபப்படாதீர்கள். அவள் பயம் தெளியும்வரை காத்திருப்பதே உங்கள் தவம். அந்தத் தவத்தில் ஆண்டவர் உங்களைத் தனியே விடமாட்டார். ஆமென்.