முக்கூடல் நீரும் மூடிய குலமும்

பழையசீவரத்துக்கும் திருமுக்கூடலுக்கும் இடையே பாலாற்றோடு செய்யாறும் வேகவதியும் வந்து கலக்கின்றன. வெள்ளம் புரளும் நாளில் கரையிலே நின்று, இது எந்த ஆற்றுத் துளி என்று பிரித்துக் காட்டும் பேரறிஞர் எவரேனும் உண்டா? ஆற்றைக் கலக்கவிட்ட நாம், தெருவை மட்டும் கலக்கவிடவில்லை.

யானையைப் பற்றிச் சொல்ல வந்தேன், தோழர்களே! 2024-ஆம் ஆண்டில், பெங்களூர் தேசிய உயிரியல் மையத்து உமா ராமகிருஷ்ணனும் உடன் ஆய்ந்தோரும் யானைகளின் மரபணுத் தொகுதியை ஏடுபோல் படித்தனர். இந்திய யானைகள் ஐந்து தனிக் கூட்டங்களாம். வடக்கேயிருந்து தெற்கே சிறு சிறு தொகையாக நகர நகர, மரபணுவின் பல்வகைமை குறைந்துகொண்டே வந்திருக்கிறது. பாலக்காட்டுக் கணவாயும் செங்கோட்டைக் கணவாயும் தென்னாட்டு யானைகளை மூன்றாக்கின. செங்கோட்டைக்குத் தெற்கே எஞ்சியவை 150-க்கும் குறைவு. பல்வகைமை அங்கேதான் மிகக் குறைவு. உறவுக்குள்ளேயே இனம் பெருகினால், தாய்வழி வந்த பழுதும் தந்தைவழி வந்த அதே பழுதும் ஒரே குட்டியிடம் சேரும். மறைந்திருந்த நோய் வெளிப்படும். இதைக் கேட்டு எவரும் யானையின் குலப்பெருமையைப் போற்றுவதில்லை, கவலைப்படுகிறோம்.

மனிதன் கதை என்ன? ஐதராபாத் அறிஞர்களும் ஆர்வர்டு அறிஞர்களும் 73 சமூகத்தாரை ஆய்ந்து 2013-இல் வெளியிட்ட முடிவு: ஏறத்தாழ 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன்புவரை இந்நாட்டு மக்கள் பரவலாகக் கலந்தனர், பிறகே அகமணம் இறுகிற்று. 2017-இல் மற்றோர் ஆய்வு, 263 குழுக்களில் 81 குழுக்கள் மிகச் சில முன்னோரிலிருந்து பெருகியவை என்றது. அவற்றுள் 14 குழுக்களில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் உளர்! தலை எண்ணிக்கை இருந்தும், மறைந்த நோய் வெளிப்படும் ஆபத்து நீங்கவில்லை.

"ஐந்து யானைக் கூட்டங்களையும் தனித்தனியே காக்கச் சொல்கிறார்களே, எம் குலத்தையும் அப்படிக் காத்தால் என்ன?" என்பார் சாதிக் காவலர். யானைகளைப் பிரித்தவை மலையும் பல்லாயிரம் ஆண்டுகளும். நம்மைப் பிரித்தது மனிதன் வகுத்த விதி. மேலும், துணை தேடிக் கணவாய் கடந்த யானையை அதன் சுற்றத்தார் வெட்டிப் போட்டதாகச் செய்தி இல்லை.

மரபணு வேறுவிதமாகச் சொல்லியிருந்தால் சாதி நியாயமாகிவிடுமோ? ஒருநாளும் ஆகாது. விரும்பியவரை மணக்கும் உரிமைக்கு ஆய்வுக்கூடத்துச் சான்று வேண்டியதில்லை. குருதித் தூய்மை பேசுவோர் அறிவியலைச் சாட்சிக்கு அழைக்கும்போது மட்டும் இந்த ஏட்டைப் பிரித்துக் காட்டினால் போதும்.

யானைக்கு வழி விடக் கோரிக் கையெழுத்து வாங்க வரும் இளைஞரிடம் ஒன்று கேட்க எண்ணியிருக்கிறேன்: தம்பி, உன் தங்கை தெரு தாண்டி மணம் புரிய விரும்பினால், அந்தப் பதிவேட்டிலும் சாட்சிக் கையெழுத்திடுவாயா?