கையெழுத்துக்குப் பிறகு

(கோலார் தங்கவயல், சாம்பியன் ரீஃப். பழைய லைன் வீடொன்றின் திண்ணை.)

சீடன்: ஐயா, ஜப்பார் பட்டேல் எடுத்த அம்பேத்கர் படத்தை மறுபடி பார்த்தேன். எரவாடா சிறைப் பகுதி வந்ததும் மனசு ஆறவில்லை. லண்டன் வரை போய் வாதாடி வாங்கிய தனி வாக்காளர் தொகுதி, இரட்டை வாக்குரிமை. காந்தி உண்ணாவிரதம் இருந்தார் என்பதற்காக அதை விட்டுக்கொடுக்கலாமா?

குரு: எதைக் கொடுத்தார், எதை வாங்கினார்? முதலில் அதைச் சொல்லு.

சீடன்: மாகாணச் சட்டசபைகளில் நமக்கான 71 இடம் 148 ஆனது. அது தெரியும்.

குரு: சென்னை மாகாணத்துக்கு மட்டும் 30. இடம் இரண்டு மடங்குக்கு மேல் ஆனது உண்மை. ஆனால் அந்த இடத்தில் யாரை உட்கார வைப்பது என்ற அதிகாரம் கைமாறிப் போயிற்று. முதல் சுற்றில் நம் ஜனங்கள் மட்டும் ஓட்டுப் போட்டு நான்கு பேரைப் பொறுக்குவார்கள், அந்த நால்வரில் ஒருவரை எல்லோரும் சேர்ந்து தேர்ந்தெடுப்பார்கள். அந்த முதல் சுற்றும் பத்து வருஷத்துக்குத்தான். 1932 செப்டம்பர் 24 அன்று இந்த ஒப்பந்தம் கையெழுத்தானது. அம்பேத்கரோடு நம் இரட்டைமலை சீனிவாசனும் எம்.சி. ராஜாவும் போட்டார்கள்.

சீடன்: அப்படியானால் தோல்விதானே?

குரு: காந்தி செத்துப்போயிருந்தால் அடி எங்கே விழுந்திருக்கும்? எரவாடாவிலா? ஊர் ஊராகச் சேரியில் விழுந்திருக்கும். கையெழுத்துப் போடாமல் நின்றிருந்தால் அம்பேத்கரின் பிடிவாதத்துக்கு விலை கொடுத்திருக்க வேண்டியவர்கள், அந்த அறைக்குள் இல்லாத ஜனங்கள்.

சீடன்: எந்தச் சமரசத்துக்கும் இப்படி ஒரு நியாயம் சொல்லிவிடலாமே, ஐயா. பதவிக்காக விலை போனவனும் இதைத்தானே சொல்கிறான்?

குரு: நல்ல கேள்வி. அதனால்தான் கையெழுத்துப் போட்ட அன்றைய நியாயத்தை மட்டும் வைத்து நான் ஆளை எடை போடுவதில்லை. மறுநாளிலிருந்து என்ன செய்தான் என்று பார்ப்பேன். விலை போனவன், தான் வாங்கியதே லட்சியம் என்று பேச ஆரம்பித்துவிடுவான். அம்பேத்கர் அப்படிப் பேசவில்லை. 1945இல் காங்கிரசும் காந்தியும் தீண்டத்தகாதவர்களுக்கு என்ன செய்தார்கள் என்று புத்தகமே எழுதி, அந்த ஒப்பந்தத்தைப் பிரித்துப் போட்டார். 1947இல் அரசியல் நிர்ணய சபைக்காக எழுதிய மனுவில் தனி வாக்காளர் தொகுதியை மறுபடி கேட்டார். பதினைந்து வருஷம் கழித்தும் பாக்கி பாக்கிதான் என்றார்.

சீடன்: கேட்டும் கிடைக்கவில்லையே.

குரு: கிடைக்கவில்லை. அந்தக் குறை இன்றும் ஒவ்வொரு தேர்தலிலும் இருக்கிறது. தங்கவயலும் தனித்தொகுதிதான். ஆனால் இங்கே ஒரு வித்தியாசம் இருந்தது. சுரங்கத்தை நம்பி வடார்க்காட்டிலிருந்து வந்த நம் ஜனங்கள் இந்த லைன்களில் பெருந்திரளாக இருந்தார்கள். மாரிக்குப்பத்தில் பௌத்த சங்கம் வைத்து, தமிழ்ப் பௌத்தம் பேசிய அயோத்திதாசரைப் படித்தவர்கள். அதனால்தான் பொது ஓட்டிலேயே குடியரசுக் கட்சியின் சி.எம். ஆறுமுகத்தைச் சட்டசபைக்கு அனுப்ப முடிந்தது. சேரி பத்து வீடாக ஒதுங்கிக் கிடக்கும் ஊரில் இது நடக்குமா? அதே ஒப்பந்தம், ஆள்பலம் உள்ள இடத்தில் ஆயுதம், இல்லாத இடத்தில் விலங்கு.

சீடன்: நம் பாட்டன்மார் இங்கே வந்ததும் ஒரு சமரசம்தானே?

குரு: ஆமாம். பண்ணையாரிடமிருந்து தப்பி வெள்ளைக்காரக் கம்பெனியிடம் வந்தார்கள். ரொக்கக் கூலி கிடைத்தது, கூடவே நுரையீரலில் கல்தூசி படிந்தது. சாம்பியன் ரீஃபில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கினார்கள். பாறை எந்த நிமிஷம் வெடிக்கும் என்று யாருக்கும் தெரியாது. அதையும் சகித்தார்கள். ஆனால் 1930இல், ஒவ்வொருவனும் கைரேகை பதிய வேண்டும் என்று கம்பெனி சொன்னதும் ஆயிரக்கணக்கானவர்கள் வேலையை நிறுத்திவிட்டார்கள். கைரேகை எடுப்பது திருடனுக்கு. உயிரைப் பணயம் வைத்து இறங்கியவர்கள், மானத்தைக் கேட்டபோது மறுத்துவிட்டார்கள். எது பேரத்துக்கு உரியது, எது இல்லை என்று அவர்களுக்கு யாரும் வகுப்பெடுக்கவில்லை.

சீடன்: அம்பேத்கருக்கும் அப்படி ஒரு எல்லை இருந்ததா?

குரு: இருந்தது. பெண்களுக்குச் சொத்துரிமை கேட்ட இந்து சட்டத் தொகுப்பு மசோதா. வெட்டினார்கள், குறைத்தார்கள், தள்ளிப்போட்டார்கள். நாலு வருஷம் பொறுத்தார். இனிப் பொறுத்தால் தன் பெயரை வைத்தே அதைப் புதைத்துவிடுவார்கள் என்று தெரிந்ததும், 1951 செப்டம்பரில் மந்திரி பதவியை ராஜினாமா செய்தார்.

சீடன்: பிறகு மசோதா?

குரு: அவர் வெளியேறிய பிறகு, 1955இலும் 1956இலும் நான்கு தனிச் சட்டங்களாக நிறைவேறியது. அதிலும் பாக்கி இருந்தது. கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கு மகனோடு சம பங்கு தமிழ்நாட்டில் 1989இலும், இங்கே கர்நாடகத்தில் 1994இலும், நாடு முழுவதற்கும் 2005இலும்தான் வந்தது.