முதலைவாய் மீண்ட மைந்தனும் எதிர்மனையும்



சுந்தரமூர்த்தி சுவாமிகள் சேரமான் பெருமாணாயனாரைக் காண மலைநாடு நோக்கி எழுந்தருளுங்கால், திருப்புக்கொளியூர் அவிநாசியில் ஒரு வீதியை அடைந்தார். ஒரு மனையில் உபநயன மங்கலவொலி, எதிர்மனையில் அழுகையொலி. ஐந்து வயதுப் பாலர் இருவர் ஒருங்கே நீராடச் சென்றனரென்றும், ஒருவனை முதலை விழுங்கிற்றென்றும், பிழைத்தவனுக்கே அன்று முந்நூற்சடங்கென்றும் அங்குள்ளார் உரைத்தனர். மைந்தனை இழந்த தாய் தந்தையரோ, வந்தவர் சுவாமிகளென அறிந்து துன்பத்தை மறைத்து முகமலர்ந்து வணங்கினர். சுவாமிகள் பதிகம் பாட, முதலை பிள்ளையைக் கரையில் உமிழ்ந்தது. கழிந்த ஆண்டுகளின் வளர்ச்சியும் அவனோடு உடன் வந்தது.

இச்சரிதத்தை மாணாக்கருக்கு ஓதுவிக்கும் நாம், வவுனியாவில் இதனை ஏட்டுக்கதையாக மாத்திரம் கொள்ளுதல் இயலாது. 2009 ஆம் ஆண்டு மே மாதத்தில் போர் முடிந்தகாலை, மூன்று இலட்சத்தை அணுகிய மக்கள் செட்டிகுளம் மெனிக் பாம் முதலிய முகாம்களில் அடைபட்டனர். பெற்றாரைப் பிரிந்த பிள்ளைகள் உறவினரிடத்தும் சிறுவர் இல்லங்களிலும் வளர்ந்தார்கள். குடும்பங்களைத் தேடி இணைக்கும் பிரிவொன்று அவ்வாண்டு டிசெம்பரில் வவுனியாவில் ஏற்பட்டது. 2011 ஆம் ஆண்டின் நடுவில் அதன்கட் பதிவான விண்ணப்பங்கள் 2564. அவற்றுள் 676 பிள்ளைகளைப் பற்றியன. அந்நாள்வரை மீண்டோர் மிகச் சிலரே. அப்பிள்ளைகள் இன்று வளர்ந்துவிட்டனர். ஆயினும் வறுமையாலும் பிற காரணங்களாலும் இல்லங்களிற் சேர்ந்து, பின்பு வீடு மீளும் சிறுவர் இன்றும் உளர்.

மீண்ட பிள்ளை சில நாளில் இல்லத்து அன்னையை நினைந்து அழுதால், ஊரார் அதனை நன்றியின்மையெனப் பழிக்கின்றனர். இஃது அறியாமை. சுந்தரமூர்த்தி சுவாமிகளே வளர்ப்புப் பிள்ளையாய் வளர்ந்தவரன்றோ? திருநாவலூரிலே நரசிங்கமுனையரையர் அவரைப் பெற்றாரிடம் கேட்டுப் பெற்று அரசிளங்குமரராக வளர்த்தார். ஆயினும் மணம் பேசியவர் தந்தையாகிய சடையனாரே. வளர்த்தோர் அன்பினாற் பெற்றோர் உரிமை அற்றுப்போயிற்றில்லை. இரு வீட்டையும் நேசிக்கும் பிள்ளையை ஒரு வீட்டை மறக்கும்படி வற்புறுத்துதல் கொடுமையாம்.

இனி, ஆசிரியர்க்குரிய செய்தி ஒன்றுண்டு. பிள்ளையைத் தாய்கையிற் கொடுத்ததோடு சுவாமிகள் அமைந்திலர். அவனுக்கும் முந்நூற்சடங்கு நிகழச் செய்த பின்னரே மலைநாடு சென்றார். உபநயனமாவது கல்விக்குள் புகுதல். இழந்த ஆண்டுகளில் அவன் இழந்ததனையும் மீட்டுக் கொடுத்தாரென்க. பன்னிரண்டு வயதுப் பிள்ளை கூட்டெழுத்துத் தெரியாது வந்து நின்றால், சிறுவரோடு இருத்தி நாணச் செய்யாது, பள்ளி கலைந்தபின் அரைமணி நேரம் தனியே கற்பித்தல் நம் கடன். “இத்துணைக் காலம் எங்கிருந்தாய்?” என்று வகுப்பில் வினவுதல் வேண்டா. மேடையேற்றி மாலைசூட்டிப் புகைப்படமெடுக்கும் இக்காலத்து விருப்பமும் நமக்கு உடன்பாடன்று. பிள்ளை காட்சிப்பொருள் அல்லன்.

விழாச் செய்க, ஆனால் கோயிலிற் செய்க. ஓரர்ச்சனையும், பெற்றாரோடும் வளர்த்தாரோடும் ஒரே பந்தியில் உண்ணும் அன்னமும் போதும். மங்கலவொலிக்கு நடுவே சுவாமிகள் திருச்செவி எதிர்மனை அழுகையையும் கேட்டது. காணாமலாக்கப்பட்ட தம் மக்களைத் தேடி 2017 பெப்ரவரி 24 இல் வவுனியா வீதியோரத்தில் அமர்ந்த தாய்மாரும் இவ்வூராரே. அவர்தம் பேரப்பிள்ளைகள் நம் வகுப்பிலும் இருத்தல் கூடும். ஆதலின் அர்ச்சனைக்குப் பெயர் எழுதும்போது, அவ்வீட்டிற் சென்று, அவர்கள் தேடும் பிள்ளையின் பெயரையும் நட்சத்திரத்தையும் கேட்டு, அதே சீட்டில் எழுதிக் கொடுங்கள்.