எதிரில் இல்லாத ஆள்

உயிருக்கு விலை போடலாமா என்பது பெரிய கேள்வி போலத் தோன்றுகிறது. உண்மையில் அது சுலபமான கேள்வி. 'கூடாது' என்று சொல்லிவிட்டு நல்லவர்களாக வீட்டுக்குப் போய்விடலாம். ஆனால் பத்துப் படுக்கைகளும் பன்னிரண்டு நோயாளிகளும் இருக்கிற இடத்தில் விலை ஏற்கனவே போடப்பட்டுவிட்டது. போட்டது யார், எதை வைத்துப் போட்டார் என்பதுதான் வெளியே தெரிவதில்லை. அதை வெளியே கொண்டுவந்து எழுதிக் காட்டுவதற்கென்று ஒரு படிப்பு இருக்கிறது. சுகாதாரப் பொருளாதாரம் என்று பெயர். அதில் டாக்டர் பட்டத்துக்காக நாலைந்து வருஷம் உட்காருகிறவர் என்ன கற்கிறார், அந்தக் கல்வி அவருடைய தார்மிகப் பிரக்ஞையை என்ன செய்கிறது என்பதே என் கேள்வி.

இந்தத் துறையின் மூலக் கட்டுரைகளில் ஒன்று கென்னத் ஆரோ 1963-ல் எழுதியது. வைத்தியம் மற்றச் சரக்குகளைப் போன்றதல்ல என்று அவர் காட்டினார். எப்போது தேவைப்படும் என்று வாங்குபவனுக்குத் தெரியாது. வாங்கிய பிறகும் பலித்ததா என்று நிச்சயமாகத் தெரியாது. எதை வாங்கவேண்டும் என்பதை விற்பவரையே கேட்டாகவேண்டும். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டத்துக்காகச் செய்த வேலையிலிருந்து மைக்கேல் கிராஸ்மன் 1972-ல் வெளியிட்ட கட்டுரை வேறு தினுசானது. ஆரோக்கியம் ஒரு மூலதனம். பிறக்கும்போதே ஓரளவு கையிருப்போடு பிறக்கிறோம். வயது ஏற ஏற அது தேய்கிறது. உணவாலும் மருந்தாலும் உழைப்பாலும் மறுபடி முதலீடு செய்கிறோம். இருப்பு ஒரு எல்லைக்குக் கீழே போனால் மரணம். குறைந்தபட்ச இருப்பு இல்லாத கணக்கை மூடுவது என் போன்ற வங்கிக் குமாஸ்தாவுக்குப் பழக்கப்பட்ட காரியம். ஆனாலும் இந்த உருவகம் உறைக்கிறது. காரணம், அது பொய் அல்ல என்பதுதான்.

பிறகு அளவை வந்தது. தரத்தால் எடையிட்ட ஆயுள் வருஷம். சுருக்கமாக 'க்வாலி' என்கிறார்கள். முழு ஆரோக்கியத்தோடு வாழ்ந்த ஒரு வருஷம் 1, மரணம் 0, மற்றவை இடையில். இடையில் எங்கே என்று எப்படி நிர்ணயிப்பது? 1993-ல் பிரிட்டனில் சுமார் 3,000 பேரிடம் பேட்டி எடுத்தார்கள். நடமாட்டம், தன்னைத் தானே கவனித்துக்கொள்ளுதல், அன்றாட வேலை, வலி, மனக்கலக்கம் என்று ஐந்து அம்சங்கள். ஒவ்வொன்றிலும் மூன்று படிகள். மொத்தம் 243 நிலைகள். இந்த நிலையில் பத்து வருஷம் இருப்பதைவிட, எத்தனை வருஷத்தை விட்டுக்கொடுத்து மீதியை நல்ல உடம்போடு வாழச் சம்மதிப்பீர்கள் என்பது கேள்வி. நாலு வருஷத்தை விடுவேன் என்றால் அந்த நிலையின் மதிப்பு 0.6. இந்தப் பதில்களிலிருந்து பால் டோலன் 1997-ல் வெளியிட்ட பட்டியலில் ஆகக் கடைசி நிலைக்குக் கிடைத்த எண் மைனஸ் 0.594. அதாவது, சாவைவிட மோசம்.

இந்த மைனஸின் முன்னால் சற்று நிற்கவேண்டும். கேட்கப்பட்டவர்கள் பொதுஜனங்கள். பெரும்பாலும் அந்த நிலையில் கிடந்தறியாதவர்கள். கிடப்பவர்களைக் கேட்டால் பல சமயங்களில் உயர்ந்த எண்ணையே சொல்கிறார்கள்; மனிதன் எதற்கும் பழகிக்கொள்கிறான். யார் சொல்வதை எடுத்துக்கொள்வது? பழகிக்கொண்டவன் தன் இழப்பை மறந்துவிட்டான் என்று ஒரு கட்சி. பழகாதவன் தன் பயத்தைத்தான் அளக்கிறான் என்று இன்னொரு கட்சி. இந்த வழக்கைக் கணிதம் தீர்க்காது. ஆனால் தீர்ந்துபோனதாக வைத்துக்கொண்டுதான் அடுத்த வரி எழுதப்படுகிறது.

காலத்துக்கும் தள்ளுபடி உண்டு. 1999-ல் ஏற்பட்ட நைஸ் என்ற பிரிட்டிஷ் அமைப்பு, மருந்துகளை எடைபோடும்போது செலவையும் ஆரோக்கியத்தையும் வருஷத்துக்கு 3.5 சதவிகிதம் கழித்துப் பார்க்கச் சொல்லிவந்திருக்கிறது. அந்தக் கணக்கில் இருபது வருஷம் கழித்து வரும் ஒரு நல்ல வருஷம் இன்றைய அரை வருஷத்துக்குத்தான் சமம். தவணைப் பில்லை வாங்கிக்கொண்டு வட்டியைப் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுப்பது எங்கள் தொழில். பணத்துக்கு அது சரி. பணம் போட்டு வைத்தால் வளரும். உயிர் எந்தப் பெட்டகத்தில் வளர்கிறது? எதிர்ப்பதற்கு இது போதும் என்று தோன்றும். போதாது. செலவை மட்டும் தள்ளுபடி செய்து ஆரோக்கியத்தை அப்படியே விட்டால், எந்தத் திட்டத்தையும் அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப்போடுவதே லாபமாகத் தெரியும். அடுத்த வருஷமும் அதே நியாயம். கடைசியில் யாருக்கும் தடுப்பூசி போடப்படமாட்டாது. கீலரும் க்ரெடினும் 1983-ல் காட்டிய சிக்கல் இது. நம் உள்ளுணர்வு உயர்ந்ததாக இருக்கலாம். அதைக் கணக்கில் எழுதிப் பார்த்தால் அபத்தத்தில் முடிகிறது.

கணக்கும் அபத்தத்தில் முடிவதுண்டு. அமெரிக்காவில் ஆரிகன் மாகாணம் ஏழைகளின் வைத்தியத்துக்காக 1990-ல் ஒரு முன்னுரிமைப் பட்டியல் தயாரித்தது. செலவுக்குக் கிடைக்கும் பலனை வைத்து வரிசைப்படுத்தியதில், பல்லுக்குத் தொப்பி போடுவது, கருப்பைக்கு வெளியே கரு தங்கிய பெண்ணுக்குச் செய்யும் ஆபரேஷனுக்கு மேலே வந்தது. பல் வைத்தியம் மலிவு என்பதைத் தவிர வேறு மர்மம் இல்லை. ஜனங்கள் ஒப்பவில்லை, பட்டியல் கைவிடப்பட்டது, திருத்திய பட்டியல் 1994-ல்தான் நடைமுறைக்கு வந்தது. கண்ணெதிரே சாகிறவரைக் காப்பாற்று என்ற கட்டளை எந்தச் சூத்திரத்துக்கும் முந்தியது.

இங்கேதான் இலக்கியவாதிகளாகிய நாம் கைதட்டுவோம். முகம் ஜெயித்தது, எண் தோற்றது என்று. இந்தக் கைதட்டல் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. நைஸ் அமைப்பு பல வருஷங்கள் ஒரு க்வாலிக்கு 20,000 முதல் 30,000 பவுன் வரையிலான எல்லையை வைத்துக்கொண்டிருந்தது. எல்லையைத் தாண்டிய புற்றுநோய் மருந்து மறுக்கப்பட்டால் பத்திரிகையில் ஒரு தாயின் படம் வரும். வரவேண்டியதுதான். ஆனால் யார்க் பல்கலைக்கழகத்தின் கார்ல் க்ளாக்ஸ்டனும் கூட்டாளிகளும் 2015-ல் வெளியிட்ட ஆய்வு வேறொன்றைக் கேட்டது. அதே பணம் ஏற்கனவே நடக்கும் வைத்தியத்திலிருந்து பிடுங்கப்பட்டால் என்ன இழப்பு? சுமார் 13,000 பவுனுக்கு ஒரு க்வாலி என்று கண்டார்கள். அப்படியானால் 30,000 பவுன் கொடுத்து ஒரு வருஷத்தை மீட்கும்போது வேறெங்கோ இரண்டு வருஷங்களுக்கு மேல் கரைகின்றன. யாருடையவை? தெரியாது. சர்க்கரை வியாதிக்கான சோதனை தள்ளிப்போன ஒரு கிழவராக இருக்கலாம். தன்னிடமிருந்து எடுக்கப்பட்டது என்று அவருக்கே தெரியாது. அவர் படம் எந்தப் பத்திரிகையிலும் வராது.

நாம் எழுதும் கதைகளில் அவருக்கு இடம் இல்லை. கதைக்கு முகம் வேண்டும், பெயர் வேண்டும். நம் கருணை முழுவதும் எதிரில் வந்து நிற்பவருக்கே பழகியது. எதிரில் இல்லாதவருக்காகவும் துக்கப்படக் கற்றுக்கொடுப்பது, நான் பார்த்தவரையில், இந்த வறண்ட படிப்புதான். இதை மனிதாபிமானத்தின் குறைவு என்று சொல்வது சோம்பேறித்தனம்.

ஆனால் விலை இல்லாமல் இது கிடைப்பதில்லை. ஜான் ஹாரிஸ் 1987-லேயே எச்சரித்தார்: ஊனத்தோடு வாழ்கிறவருக்கு ஒரு துரதிருஷ்டம் ஏற்கனவே நேர்ந்திருக்கிறது, அவரைக் காப்பாற்றினால் கிடைப்பது குறைந்த தரமுள்ள வருஷம் என்று சொல்லி வரிசையில் பின்னால் தள்ளுவது இரண்டாவது தண்டனை. கிழவருக்கும் இது பொருந்தும். எதிரில் இல்லாதவரைக் காக்கப் புறப்பட்ட கணக்கு, எதிரில் இருக்கிற பலவீனனை மிதித்துக்கொண்டு போகக்கூடும். கூட்டல் தப்பில்லாமலிருக்கும், கூட்டப்பட்டவை எப்படி எண்களாயின என்பதில்தான் அநியாயம் குடியிருக்கும்.

ஆகவே, இப்படிப்பட்ட ஆய்வேட்டில் நான் முதலில் தேடும் பக்கம் முடிவுகள் இருக்கும் பக்கம் அல்ல. அனுமானங்கள் இருக்கும் பக்கம். 3.5 ஏன், மைனஸ் 0.594 யாருடைய வாயிலிருந்து வந்தது, கிழவரின் ஒரு வருஷமும் குழந்தையின் ஒரு வருஷமும் சமமா என்ற கேள்விகளெல்லாம் அங்கே சின்ன எழுத்தில் கிடக்கும். வழக்கமாக இப்படித்தான் செய்கிறார்கள் என்று முன்னோரைச் சுட்டிவிட்டு மேலே போய்விடலாம், பட்டமும் கிடைக்கும். அல்லது, இது என் தீர்ப்பு, இதற்கு நான் பொறுப்பு என்று எழுதலாம். அப்படி எழுதுகிறவரின் தீர்ப்பு தவறாகவும் இருக்கலாம். ஆனால் அதை மறுக்க வருகிறவனுக்குச் சண்டை போட ஒரு ஆள் இருப்பார்.