விளக்கொளியும் விண்மீனொளியும்



தை மாத மாலையொன்றில், கதிரவன் மறையுமுன் உணவை முடித்துக்கொண்டு, பெயரனுடன் ஓசூர் சிப்காட் பக்கமாக உலாவச் சென்றோம். வானை அண்ணாந்து நோக்கிய அவன், “தாத்தா, வந்தவாசிப் பக்கம் நம் ஊரில் பார்த்த விண்மீன்களெல்லாம் எங்கே போயின?” என்று வினவினான்.

உச்சிக்கருகே கார்த்திகை மங்கலாகத் தெரிந்தது. கிழக்கே திருவாதிரை செந்நிறமாய் மின்னியது. ஏனையவற்றை ஆலை விளக்குகளும், வடமேற்கே பெங்களூரு எழுப்பும் ஒளிமூட்டமும் மறைத்துவிட்டன. நமக்குக் கிழக்கே சவ்வாது மலையிலுள்ள காவலூரில் 2.34 மீட்டர் தொலைநோக்கியை அறிஞர்கள் நிறுவியது, நகர ஒளி எட்டாத இருளை நாடியன்றோ! 1986-இல் அதற்கு வைணு பாப்புவின் பெயர் சூட்டப்பெற்றது.

திரும்பும் வழியில் விளக்குக் கம்பமொன்றின் அடியில் விட்டில்களும் சிறு பூச்சிகளும் சிறகிழந்து கிடந்தன. பெயரன் காலை ஒதுக்கி நடந்தான்.

“இருளில் உயிர்கள் தெரியாமையால் முன்னோர் இரவுணவை விலக்கினர், இன்று மின்விளக்கு இருக்கிறதே” என்பார் உளர். அக்கம்பத்தின் அடியே அதற்கு விடை கிடந்தது. விளக்கு உயிர்களைக் காட்டுவதோடு நில்லாது. அவற்றை அழைத்தும் வருகிறது. ஒளி மிகுந்த இடத்தில் உண்கலத்தில் வீழும் உயிர்களும் மிகும். ஆதலின் மின்விளக்கு வந்தமையால் இரவு உண்ணாமை என்னும் விரதம் தேவையற்றதாகிவிடவில்லை.

ஞாயிறு, திங்கள், கோள், நாள்மீன், சிதறிய தாரகை என ஐவகைச் சோதிட்க தேவரைத் தத்துவார்த்த சூத்திரத்தின் நான்காம் அத்தியாயம் கூறுகிறது. ஒளி மிக்க அத்தேவர்களாலும் விரதம் ஏற்க இயலாது. வீடுபேறு எய்த அவர்களும் மனிதராய்ப் பிறந்தே ஆகவேண்டும். அவர்களுக்குக் கிட்டாத வாய்ப்பு நம் கையில் இருக்கிறது. அதை ஒரு கவளத்துக்காக இழக்கலாமோ?

ஆலையில் இரண்டாம் ஷிப்டு பார்க்கும் நம் இளைஞர்களின் இடர்ப்பாட்டை அறிவோம். இரவு பத்து மணிக்குமேல் பசியோடு வீடு திரும்பும் பிள்ளைக்கு உணவை மறுக்க எந்தத் தாய்க்கும் மனம் வாராது. ஆதலின் கடிந்துரைக்க முற்படோம். கதிரவன் மறையுமுன் உண்ணக் கட்டுசோறு கொடுத்தனுப்புங்கள். நாள்தோறும் இயலாதார் அட்டமி, சதுர்த்தசி நாள்களிலேனும் தொடங்குக. வேண்டாத வாயில் விளக்கையும் அணைத்து வையுங்கள்.

அன்றிரவு எம் வாயில் விளக்கைப் பெயரனே அணைத்தான். சற்றுப் பொறுத்து மாடியில் நின்று எண்ணினான்; கார்த்திகையில் ஆறு மீன்கள் தெரிந்தன.

அறம் வளர்க!