போதையில் ஓட்டியவரின் பொறுப்பு

மது அருந்திவிட்டு வாகனம் ஓட்டிக் கைதானவரின் வழக்கு மற்றக் குற்ற வழக்குகளிலிருந்து இரண்டு வகையில் வேறுபடுகிறது. பெரும்பாலும் அதில் பாதிக்கப்பட்டவர் என்று யாரும் இருப்பதில்லை. இரவு வாகனச் சோதனையில் வண்டி நிறுத்தப்பட்டதோடு சம்பவம் முடிந்திருக்கும். அடுத்து, குற்றம் சாட்டப்பட்டவரின் அறிவு அந்நேரத்தில் முழுமையாக அவர் வசம் இருந்திருக்காது. தீங்கு நேராதபோது தண்டனை எதற்கு? அறிவு மயங்கியவரிடம் பொறுப்பைக் கேட்பது எப்படி? அறவியலில் இரண்டுமே மிகப் பழைய கேள்விகள். கைதுக்குப் பின் இந்தியச் சட்டம் எடுக்கும் ஒவ்வொரு நடவடிக்கையிலும் இவற்றுக்கு ஒரு விடை பொதிந்திருக்கிறது.

கைதும் சோதனையும்

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 185ஆம் பிரிவில், 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் அதைக் குற்றம் என்கிறது. வண்டி தள்ளாடியதா, நேராகச் சென்றதா என்று அந்தப் பிரிவு கேட்பதில்லை. எல்லைக்கோடு நாட்டுக்கு நாடு மாறுகிறது. இங்கிலாந்தில் அது 80 மில்லிகிராம். ஸ்காட்லாந்தில் 2014 முதல் 50. ஆகவே 29க்கும் 31க்கும் இடையில் அறத்தில் பெரிய வேறுபாடு எதுவும் இல்லை. கோடு எங்கே விழ வேண்டும் என்பதைச் சமூகம் முடிவு செய்கிறது. கோடு ஒன்று வேண்டும் என்பதற்குத்தான் அறத்தின் ஆதரவு உண்டு. அது இல்லாவிட்டால் ஒவ்வொருவரும் தன் நிதானத்துக்குத் தானே நீதிபதியாகிவிடுவார். மது முதலில் கெடுப்பதே அந்தத் தீர்ப்புச் சொல்லும் திறனைத்தான்.

சீருடையில் உள்ள காவலர் சந்தேகத்துக்குக் காரணம் இருந்தால் மூச்சுப் பரிசோதனை செய்யலாம். கருவி ஆல்கஹாலைக் காட்டினால் பிடியாணை இன்றிக் கைது செய்யலாம். 202ஆம் பிரிவின்படி, கைதான இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனை நடந்தாக வேண்டும். இல்லையேல் அவரை விடுவிக்க வேண்டும். இரத்த மாதிரி கொடுப்பவர் பெண்ணாகவும் மருத்துவர் ஆணாகவும் இருந்தால் இன்னொரு பெண் உடன் இருக்க வேண்டும். தக்க காரணமின்றிச் சோதனைக்கு மறுப்பது, அரசுத் தரப்பின் சாட்சியத்துக்கு வலுச் சேர்க்கும் சூழ்நிலையாகக் கொள்ளப்படலாம். மூச்சில் மதுவாடை, தள்ளாட்டமான நடை போன்ற அடையாளங்கள் மட்டும் போதையை நிறுவப் போதா என்று உச்ச நீதிமன்றம் 1971இல் கூறியது.

இந்த இடத்தில் மனசாட்சி சார்ந்த ஒரு கேள்வி எழுகிறது. தனக்கு எதிராகத் தானே சாட்சியாகும்படி குற்றம் சாட்டப்பட்ட எவரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது அரசியலமைப்பின் 20(3) உறுப்பு. அப்படியானால் ஒருவரின் இரத்தத்தை அவருக்கு எதிராகவே பயன்படுத்தலாமா? 1961இல் பதினொரு நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு, கைரேகை, கையெழுத்து மாதிரி போன்றவற்றைக் கொடுப்பது சாட்சி சொல்வதாகாது என்று தீர்ப்பளித்தது. மனத்தில் உள்ளதைப் பிறர் பிடுங்கிக்கொள்ளக் கூடாது. உடலில் உள்ள அடையாளத்தை அளக்கலாம் என்பது அதன் சாரம். போதை வழக்கில் இந்தப் பிரிவினைக்குக் கூடுதல் நியாயம் இருக்கிறது. குடித்தவரின் வாக்குமூலத்தைவிட அவருடைய இரத்தம் நம்பகமானது. அவர் எவ்வளவு குடித்தார் என்பது பல நேரங்களில் அவருக்கே தெரியாது.

மயங்கிய அறிவு

கைதானவர் முதலில் சொல்வது பெரும்பாலும் “நிதானத்தில் இல்லை” என்பதே. சட்டம் அதை ஒரே ஒரு நிலையில் ஏற்கிறது. நாட்டின் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 23ஆம் பிரிவுப்படி, ஒருவருக்குத் தெரியாமலோ அவர் விருப்பத்துக்கு மாறாகவோ போதை ஏற்றப்பட்டு, அதனால் செய்வது இன்னதென்று அறியும் திறனை அவர் இழந்திருந்தால் அவர் குற்றவாளி ஆகார். தானே குடித்தவருக்கு இந்த வழி கிடையாது. 24ஆம் பிரிவு, போதையில் இல்லாதிருந்தால் அவருக்கு என்ன அறிவு இருந்திருக்குமோ அதே அறிவோடு செய்ததாகவே அவரை நடத்தச் சொல்கிறது.

இந்த நிலைப்பாட்டின் வேர் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் முந்தியது. மிட்டிலீன் நகரத்தை ஆண்ட பிட்டகஸ், குடித்துவிட்டுக் குற்றம் செய்தவருக்குக் கூடுதல் தண்டனை விதித்ததை அரிஸ்டாட்டில் பதிவு செய்கிறார். தம் ‘நிக்கோமாக்கிய அறவியல்’ நூலில் அதற்குக் காரணமும் தருகிறார்: அறியாமல் செய்தது மன்னிப்புக்குரியதுதான், ஆனால் அந்த அறியாமைக்கே காரணமானவருக்கு மன்னிப்பு இல்லை. குடிக்காமல் இருப்பது அவர் கையில் இருந்தது. தொடக்கம் அவருடையது என்றால் விளைவும் அவருடையதே.

கிறித்தவ மரபு இதை இன்னும் நுணுக்கமாகப் பிரித்தது. விவிலியத்தின் லோத்து, மகள்கள் கொடுத்த திராட்சை மதுவில் மயங்கித் தன்னை அறியாமல் தகாத உறவில் வீழ்ந்தவர். அவர்மீது சுமத்த வேண்டியது அந்த உறவின் பழியை அன்று, குடியின் பழியை என்றார் அகுஸ்தீன். 13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்வினாஸ் இதை எடுத்துக்கொண்டு, போதைக்குப் பின் செய்த செயலின் பாவம் குறையலாம், போதையைத் தேடிய செயலின் பாவம் அப்படியே நிற்கும் என்று விளக்கினார். யூதர்களின் தல்மூது நடைமுறையில் நின்று பேசுகிறது: குடித்தவர் செய்த விற்பனை செல்லும், அவர் செய்த குற்றத்துக்குத் தண்டனையும் உண்டு; லோத்தின் அளவுக்கு நினைவு தப்பியவருக்கு மட்டுமே விலக்கு.

அகுஸ்தீனின் அளவுகோலை வாகனத்துக்குப் பொருத்தினால் ஒரு சிக்கல் வருகிறது. வீட்டிலேயே குடித்துப் படுத்துக்கொள்பவர், வண்டியில் வந்து குடிப்பவர் இருவரும் ஒரே அளவு குடித்திருக்கலாம். குடியின் பழி மட்டுமே கணக்கு என்றால் இருவரும் சமம். அது சரியாகாது. இரண்டாமவர் திரும்பிச் செல்லும் வழியை யோசிக்காமல் முதல் கோப்பையை எடுத்தார், அதுவும் தெளிந்த அறிவோடு. அவருடைய குற்றத்தின் மையம் அந்த நிமிடத்தில் இருக்கிறது. பிறகு சாவியைத் திருப்பியது மயங்கிய கை என்றாலும், அது அங்கே போகும் என்பது தெளிந்த மனத்துக்கு முன்பே தெரிந்திருந்தது.

பௌத்தம் ஐந்தாவது சீலத்தில் மதுவை விலக்கச் சொல்வதற்கும் இதே திசையில்தான் காரணம் தருகிறது. மது விழிப்பின்மைக்கு இடம் தருகிறது என்பதே அதன் பேச்சு. கொல்லாமை, கள்ளாமை முதலிய முதல் நான்கு சீலங்களும் விழிப்புள்ள மனத்தை நம்பி நிற்பவை; ஐந்தாவது அவற்றுக்குக் காவல். வள்ளுவர் கள்ளுண்ணாமையை 93ஆம் அதிகாரமாகப் பொருட்பாலில் வைத்ததும் கவனிக்கத்தக்கது. நாட்டையும் சமூகத்தையும் பேசும் பாலில் அது இடம்பெறுவதால், குடி ஒருவரின் சொந்த விஷயமாக மட்டும் நின்றுவிடுவதில்லை.

நேராத தீங்கு

இரண்டு பேர் ஒரே அளவு குடித்து ஒரே சாலையில் ஒரே வேகத்தில் வருகிறார்கள். இருவரின் வண்டியும் நடைபாதையில் ஏறுகிறது. ஒருவர் முன் யாரும் இல்லை. மற்றவர் முன் ஒரு குழந்தை நிற்கிறது. முதலாமவருக்கு அபராதம், இரண்டாமவருக்குச் சிறை. இருவரும் தேர்ந்தெடுத்தது ஒன்றே. வேறுபாட்டைத் தற்செயல் உண்டாக்கியது. 1976இல் தத்துவஞானிகள் பெர்னார்ட் வில்லியம்ஸும் தாமஸ் நேகலும் முன்வைத்த ‘அறநெறி அதிர்ஷ்டம்’ என்ற சிக்கலில், நேகல் எடுத்த உதாரணங்களுள் குடித்துவிட்டு நடைபாதையில் வண்டியை ஏற்றியவரின் நிலையும் ஒன்று. ஒருவரின் கையில் இல்லாத ஒன்றுக்காக அவரைக் கூடுதலாகப் பழிப்பது நியாயமா என்பது கேள்வி. தத்துவஞானி காண்டின் வழி நிற்பவர்கள் நியாயமில்லை என்பார்கள். செயலின் மதிப்பு நோக்கத்தில் இருக்கிறதே அன்றி விளைவில் இல்லை. ஆடம் ஸ்மித் 1759இலேயே இந்த முரணைக் கண்டவர். விளைவைப் பார்த்தே மனிதர் கொதிக்கிறார்கள் என்பதை ஒப்புக்கொண்ட அவர், எண்ணங்களுக்காக ஒருவரை நீதிமன்றத்தில் நிறுத்தாமல் இந்த இயல்பு தடுக்கிறது என்று அதில் ஒரு பயனையும் கண்டார்.

இதே கேள்விக்கு மிகக் கூர்மையான விடை சமண மரபில் இருக்கிறது. வந்தவாசிக்கு அருகிலுள்ள பொன்னூர் மலையோடு தொடர்புபடுத்தப்படும் குந்தகுந்தர், ‘பிரவசனசாரம்’ என்ற நூலில் சொல்வதன் கருத்து இது: கவனமின்றி நடப்பவருக்கு, எதிரே உள்ள உயிர் இறந்தாலும் பிழைத்தாலும் இம்சை உறுதி, கவனத்தோடு நடப்பவரால் தற்செயலாக ஓர் உயிர் மடிந்தால், அது மட்டுமே அவரைப் பந்தப்படுத்தாது. இந்த அளவுகோலில் சோதனையில் பிடிபட்டவருக்கும் விபத்தை உண்டாக்கியவருக்கும் அறத்தின் கணக்கில் பெரிய இடைவெளி இல்லை. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே என்ற வாதமும் விழுந்துவிடுகிறது. ஒன்றும் ஆகாதது அவருடைய நற்செயல் அல்ல. அது தெருவின் வெறுமை.

நேர்ந்த தீங்கு

சட்டம் குந்தகுந்தரின் அளவுக்குப் போவதில்லை, போகவும் இயலாது. 2019 செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ள திருத்தத்தின்படி, முதல் முறை பிடிபட்டவருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மறுமுறை என்றால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது 15,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். உயிர் போனால் வழக்கே மாறிவிடுகிறது. கவனக்குறைவால் மரணம் என்றால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவு, ஐந்து ஆண்டு வரை. மரணம் நேரக்கூடும் என்று அறிந்தே செய்தது நிறுவப்பட்டால், கொலையாகாத மரணம் விளைவித்த குற்றத்தின் இரண்டாம் பகுதி, பத்து ஆண்டு வரை.

இவ்விரண்டுக்கும் நடுவே நிற்பது ‘அறிவு’ என்ற சொல். மும்பை கார்ட்டர் சாலையில் 2006 நவம்பரில் நடைபாதையில் உறங்கிய தொழிலாளர்கள்மீது கார் ஏறி ஏழு பேர் இறந்த வழக்கிலும், டெல்லியில் 1999இல் ஆறு பேர் இறந்த வழக்கிலும், 2012இல் உச்ச நீதிமன்றம் வெறும் கவனக்குறைவு என்பதை ஏற்க மறுத்து இரண்டாம் வகைக் குற்றத்தையே உறுதி செய்தது. ஓட்டுபவரின் அறிவு மதுவுக்கு முன்னால் இருந்தது என்ற அரிஸ்டாட்டிலின் வாதம் இவ்வாறு தண்டனைச் சட்டத்தின் மொழியில் இடம்பெறுகிறது.

உடன் வந்தவர்

மோட்டார் வாகனச் சட்டத்தின் 188ஆம் பிரிவு, போதையில் ஓட்டுவதற்கு உடந்தையாக இருந்தவருக்கும் அதே தண்டனையை வைத்திருக்கிறது. 2022இல் சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை, ஓட்டுபவர் குடித்திருந்தால் பின்னால் அமர்ந்து வருபவர்மீதும் நடவடிக்கை என்று அறிவித்தபோது உடன் வருபவரின் பொறுப்பு பரவலாகப் பேசப்பட்டது. வெறுமனே அமர்ந்திருப்பது உடந்தையா என்பது சட்டத்தில் வாதத்துக்குரியது. அறத்தில் அளவுகோல் தெளிவானது. ஓட்டுபவரின் தீர்ப்புத்திறன் மங்கியிருக்கும் நேரத்தில், நிதானத்தோடு அருகில் இருப்பவரிடமே எஞ்சிய அறிவு இருக்கிறது. அதனால் தடுக்கும் கடமையும் அவரைச் சேர்கிறது. வாடகை வண்டியில் வந்த முன்பின் தெரியாத பயணிக்கும், கூடவே குடித்து வண்டியில் ஏறிய நண்பருக்கும் இந்தக் கடமை ஒரே அளவாக இருக்காது.

தண்டனைக்குப் பின்

முதல் முறை பிடிபட்டவர்களில் பலர் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிட்டுத் திரும்புகிறார்கள். அபராதத்தை ஒரு கட்டணமாக எண்ணும் ஆபத்து இதில் இருக்கிறது. கட்டணம் செலுத்தியவருக்கு அந்தச் செயலைச் செய்யும் உரிமை கிடைக்கிறது. அபராதம் அந்தச் செயலைக் கண்டிக்கிறது. தண்டனை சமூகத்தின் கண்டனத்தை வெளிப்படுத்துகிறது என்று 1965இல் தத்துவஞானி ஜோயல் ஃபைன்பெர்க் எழுதியது இந்த வேறுபாட்டைப் பற்றித்தான். ஓட்டுநர் உரிமத்தின்மீது எடுக்கும் நடவடிக்கை அபராதத்தைவிடத் தெளிவாகப் பேசுகிறது. முதல் முறை மூன்று மாதத் தகுதியிழப்பு, மறுமுறை உரிமம் ரத்து என்று சட்டம் வகுத்திருப்பதால், பணம் உள்ளவரும் இல்லாதவரும் ஒரே இழப்பைச் சந்திக்கிறார்கள்.

சட்டத்தின் பணி இதோடு முடிகிறது. சமயங்களின் கணக்கு தொடர்கிறது. இஸ்லாமிய அறிஞர்கள் தௌபா எனும் மனந்திரும்புதலுக்கு மூன்று நிபந்தனைகள் வகுத்தார்கள்: பாவத்தை நிறுத்துவது, அதற்கு வருந்துவது, மீண்டும் செய்வதில்லை என்று உறுதி கொள்வது. பிறர் உரிமை பாதிக்கப்பட்டிருந்தால் அதை ஈடுசெய்வது நான்காவது. டெல்லி வழக்கில் குற்றவாளிக்கு உச்ச நீதிமன்றம் 50 லட்சம் ரூபாயும் இரண்டு ஆண்டு சமூக சேவையும் விதித்தது, சட்டம் இந்த நான்காவது நிபந்தனையை எட்டிப் பிடிக்க முயன்ற அரிதான சந்தர்ப்பம். 12ஆம் நூற்றாண்டு யூத அறிஞர் மைமோனிடஸ் இன்னும் ஒரு படி மேலே சென்றார். அதே சூழ்நிலை மறுபடி வாய்த்து, செய்யும் வலுவும் இருந்து, செய்யாமல் விலகும்போதுதான் மனமாற்றம் முழுமையாகிறது என்றார்.

இந்த அளவுகோலின்படி, கைதானவரின் வழக்கு நீதிமன்றத்தில் அபராதம் கட்டிய அன்று முடிவதில்லை. அடுத்த விருந்துக்குப் புறப்படும்போது, இன்னும் ஒரு துளியும் அருந்தாத நேரத்தில், அவர் வண்டியை வீட்டில் விட்டுச் செல்கிறாரா என்பதைப் பொறுத்தே அது முடிவடைகிறது. அவருடைய பொறுப்பு எப்போதும் அந்த நேரத்தில்தான் இருந்தது.