பாதியில் எழுந்தவன்

சில வருடங்களுக்கு முன், ஒரு பௌர்ணமி ராத்திரி. திருவண்ணாமலையில் கிரிவலம். மொத்தம் 14 கிலோமீட்டர். மலைக்குப் பின்பக்கம், அடி அண்ணாமலை வந்தபோது கால் கெஞ்சியது. ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தேன்.

பக்கத்தில் ஓர் அம்மா. அறுபது வயதிருக்கும். ''எங்கேருந்து தம்பி வர்றீங்க?'' என்று ஆரம்பித்தவர், படுத்த படுக்கையாகக் கிடந்த கணவரைப் பற்றிப் பேசினார். ''ராத்திரியெல்லாம் காலைப் புடிச்சிவுடச் சொல்லுவாரு. ஒருநாளு அசதில தூங்கிட்டேன் தம்பி...''

அந்த நேரம் பார்த்து, கூட வந்தவர்கள் கூப்பிட்டார்கள். ''வர்றேம்மா'' என்று எழுந்துவிட்டேன்.

ஊருக்கு வந்ததும் அதைச் சிறுகதையாக எழுதினேன். நாலு பக்கம். கடைசி வரியில் ஒரு திடுக். நண்பர்கள் பாராட்டினார்கள். ஆனால், அந்த முடிவு நான் வைத்தது. அந்த அம்மாவின் முடிவைத்தான் நான் கேட்கவே இல்லையே!

பிறகுதான் டால்ஸ்டாயின் 'இவான் இலியிச்சின் மரணம்' படித்தேன். 1886-ல் வெளிவந்த குறுநாவல். சாகக் கிடப்பவரிடம் வீடே 'சரியாகிவிடும்' என்று பொய் சொல்கிறது. வேலைக்காரன் கெராசிம் மட்டும் சொல்வதில்லை. வலி குறைகிறதே என்று எஜமானின் கால்களைத் தன் தோளில் தாங்கியபடி உட்கார்ந்திருக்கிறான். சில நாள் ராத்திரி முழுக்க!

'போரும் வாழ்வும்' என்று ஆயிரம் பக்கத்துக்கு மேல் எழுதிய அதே கை, இதற்குச் சுமார் நூறு பக்கம் போதும் என்று நிறுத்தியிருக்கிறது. சிறுகதை ஓர் ஆளை வாசலில் பார்த்துவிட்டுப் போய்விடும். நாவல் அவருடைய தாத்தா காலத்திலிருந்து ஊரையே கூட்டி வரும். குறுநாவல் அவரோடு ஒரு ராத்திரி தங்கும். தமிழிலும் ஜெயகாந்தனின் 'யாருக்காக அழுதான்?' அப்படித் தங்கிய கதைதான். 1980-களில் 'கணையாழி', தி.ஜானகிராமன் நினைவாகக் குறுநாவல் திட்டமே நடத்தியது.

சரி, அடுத்தவர் துக்கத்துக்கு நாம் எவ்வளவு நேரம் தர வேண்டும்? எல்லார் கதையையும் முழுசாகக் கேட்க முடியுமா? முடியாதுதான். பஸ் பிடிக்கணும், ஆபீஸ் போகணும். ஆனால், பாதி கேட்டுவிட்டு மீதியை நாமே எழுதி ஒட்டாமலாவது இருக்கலாம். ''அவளுக்கு என்னங்க, பணத்துக்காகத்தான்...'' என்று தினம் நாம் பேசுவதெல்லாம், பாதியில் எழுந்து வந்த கதைகள்தானே?

அந்தச் சிறுகதையை எந்தத் தொகுப்பிலும் நான் சேர்க்கவில்லை. அந்த அம்மா தூங்கிவிட்ட ராத்திரியில் என்ன நடந்தது என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.